ஜஹனாராவின் பழுப்புப் பவளம்

“வர்றவன் பூரா மீன் எங்க, மீன் எங்கன்னே கேக்கறான். மீன் வோணும்னா மார்க்கெட்டுக்குப் போயேன்யா! இன்னாத்துக்கு என் வூட்டுக்கு வர்றே?”

புதுப்பட்டினத்தில் ஜஹனாராவின் வீட்டுப்படி ஏறிய எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். கேபிள் டிவிக்குப் பணம் வாங்க வந்தவர் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லித்தரும் உலகநாதன் சார்கூட, நாலு எழுத்து படித்தவர், ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, “மீனெல்லாம் கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கோ?” என்று கேட்டார்.

“சார், அந்தக் கல்லுதான் சார் உயிரு.”

“எந்தக் கல்லும்மா?”

“நீங்க கெமிஸ்ட்ரியோட நிறுத்திக்குங்க சார்.”

உலகநாதன் சாரின் லேபில்தான் ஜஹனாரா வேலை பார்த்தாள். பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். ஆனால் வேலை என்னவோ குடுவை கழுவி அடுக்குவதும், ஆசிட் கலந்து வைப்பதும், பிளஸ் டூ பசங்கள் உடைத்துப்போட்ட பியூரெட்டுக்குக் கணக்கு எழுதுவதும்தான். இருபது வருஷம் வேலை பார்த்தாலும் அவள் கலந்து வைத்த கரைசலில் வேறு யாராவதுதான் விடை கண்டுபிடிப்பார்கள். வீட்டிலிருந்த அந்த நாலடிக் கண்ணாடித் தொட்டியில் மட்டும் கரைசலும் அவளுடையது, விடையும் அவளுடையது.

தொட்டிக்குள் இருந்த அந்தக் கல் வந்த கதையே ஒரு சண்டையில்தான் தொடங்கியது.

அவள் புருஷன் அமீருக்கு மாமல்லபுரத்தில் சங்குக் கடை. சங்கு, சோழி, சிப்பி மாலை, சிப்பி ஒட்டிய கண்ணாடி, அதோடு பால் மாதிரி வெளுத்த பவளப்பாறைத் துண்டுகள். டூரிஸ்டுகள் ஆசையாகத் தூக்கிப் பார்ப்பது அந்த வெள்ளைத் துண்டுகளைத்தான். பவளம் தெற்கேயிருந்து லாரியில் வரும்போது வெள்ளையாக வராது. பழுப்பாக, பாசி நாற்றத்தோடு ஈரச் சாக்கில் வரும். கடைக்குப் பின்னால் ஒரு நீலப் பீப்பாய். அதில் பிளீச்சிங் பவுடர் தண்ணீர். கடையில் வேலை பார்க்கும் செங்கம்மாள் துண்டுகளை உள்ளே போட்டு, ஒரு நாள் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தால் வெள்ளைவெளேரென்று ஆகிவிடும். அந்தக் கடையைப் பொறுத்தவரை பழுப்பு என்றால் அழுக்கு, வெள்ளை என்றால் சரக்கு. அமீர் அந்தப் பாடத்திலேயே வளர்ந்தவன். அவன் தங்கச்சி ஃபைஸாவும் அப்படித்தான்.

தொண்ணூற்றாறு மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. கடையில் சாக்குப் பிரித்துக்கொண்டிருந்த ஜஹனாராவின் கையில் தேங்காய் அளவுக்கு ஒரு துண்டு வந்தது. மேலெல்லாம் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. எடுத்த கையில் வழவழவென்று ஏதோ ஒட்டியது. துடைத்தாள். மறுபடியும் கசிந்தது.

“இது உயிரோட கீது” என்றாள்.

“கல்லு எப்படி உயிரோட இருக்கும்? போடு பீப்பாயில” என்றான் அமீர்.

“நீங்க போய் அதுல முதல்ல குந்துங்க. நான் இத வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்.”

மூடி போட்ட பெயிண்ட் பக்கெட்டில் கடல் தண்ணீரை மொண்டு, துண்டை உள்ளே வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வந்தாள். கண்டக்டர் பக்கெட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். அவர் அம்மாகூடத் திட்டாத திட்டை அன்றைக்கு அவளிடம் வாங்கினார்.

செங்கல்பட்டில் ஒரு கண்ணாடிக்காரரிடம் தொட்டி செய்யச் சொன்னாள். அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து அணுபுரத்தில் குடியிருந்த ஒருவரின் வீட்டுக்குப் போய், அவர் வைத்திருந்த வெளிநாட்டு மீன்தொட்டிப் பத்திரிகைகளை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்தாள். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இதை வளர்ப்பது மீன் வளர்க்கிற வேலை இல்லை, தண்ணீர் வளர்க்கிற வேலை என்று. அந்தப் பழுப்பு நிறம் அழுக்கே இல்லை. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி அது. வெளிச்சத்தில் அந்தப் பாசி சமைத்துப் போடுவதைத்தான் பவளம் சாப்பிடுகிறது. பாசி போனால் பவளம் வெளுக்கும். வெளுத்தால் பட்டினி. பட்டினி நீண்டால் சாவு.

அதற்கப்புறம் அவள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

தொட்டிக்கு மேல் ஆறு டியூப்லைட். வெயில் காலத்தில் தண்ணீர் சூடாகக் கூடாது என்று தொட்டிக்கு டேபிள் ஃபேன். அமீருக்கு விசிறி மட்டை. ஃபேன் காற்றில் ஆவியாகிப் போகிற தண்ணீருக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றக் கூடாது, மழைத் தண்ணீர்தான் என்று மொட்டைமாடியில் அண்டா வரிசை. கார்த்திகை மாத மழையில் பாலாறு பெருகி வந்து கடலில் கலந்தால் கரையோரத் தண்ணீரில் உப்பு நீர்த்துவிடும் என்று, ஐப்பசி பிறப்பதற்குள்ளேயே கடல் தண்ணீர் பிடித்து நாலு டிரம்மில் நிரப்பி வைப்பாள். ஹாலில் நடக்க இடமிருக்காது.

பவளம் தனக்குத்தானே எலும்பு மாதிரி கூடு கட்டிக்கொள்ளும் ஜீவன். கட்டுவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காகச் சுத்தமான சுண்ணாம்பைக் கரைத்து, தெளியவைத்து, மேலே நிற்கிற தெளிவை மட்டும் எடுத்து, ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றுகிற பாட்டில், டியூப் எல்லாம் வாங்கிவந்து ஆணியில் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விட்டாள். வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் செருப்பை மெதுவாகக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, “யாருக்கு ஒடம்பு சரியில்ல?” என்று கேட்பார்கள். மீன் எங்கே என்று கேட்காத வரைக்கும் இவர்களை அவள் மன்னித்தாள்.

வாரத்துக்கு இரண்டு நாள் அடுப்பங்கரை லேப் ஆகும். தொட்டித் தண்ணீரைக் குடுவையில் எடுத்து, இண்டிகேட்டர் போட்டு, பியூரெட்டைத் திறப்பாள். ரோஜா நிறம் ஊதாவாகத் திரும்புகிற அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த நேரத்தில் அமீர் “சோறு ஆச்சா?” என்று கேட்டால் தொலைந்தான். அளவைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவாள். கூடவே, ஒரு நூலை வைத்துப் பவளத்தின் சுற்றளவையும் எடுப்பாள்.

முதல் வருஷத்தில் அவள் கொண்டுவந்த வேறு இரண்டு துண்டுகள் செத்துப்போயின. ஒன்று போர் தண்ணீரால், ஒன்று கத்திரி வெயிலால். மூளை மடிப்பு போட்டது மட்டும் தங்கியது. வருஷத்துக்கு ஓர் அரிசி நீளம் வளர்ந்தது.

“ஒரு அரிசிக்கா இவ்ளோ கரண்ட் பில்லு?” என்பான் அமீர்.

“நீங்க இந்த நாலு வருஷத்துல எவ்ளோ வளந்தீங்க? வயித்த வுட்டுட்டுச் சொல்லுங்க.”

இரண்டாயிரம் பிறந்தது. ஜனவரி முதல் வாரம், நோன்பின் கடைசி நாட்கள். பெருநாளுக்கு வீடெல்லாம் வெள்ளையடித்தாயிற்று. பெருநாள் கழிந்த மறுநாள் ஃபைஸாவைப் பார்க்க மதுராந்தகத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ஃபைஸா ஜன்னல் கம்பியைக்கூடச் சோப்புப் போட்டுத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே திரும்பியவளின் கண்ணில், புதுச் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால், பளிச்சென்ற கண்ணாடிக்குள், பழுப்பாக அது உட்கார்ந்திருப்பது பட்டது.

புதன்கிழமை மாலை நாலு மணிக்கு ஜஹனாரா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. தொட்டியில் மணல் இருந்தது. விளக்கு எரிந்தது. சுண்ணாம்புத் தெளிவு சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வட்டமான பள்ளம் மட்டும் இருந்தது.

“ஃபைஸா.”

“இன்னா அண்ணி?”

“எங்க அது?”

ஃபைஸா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். “கண்டுபுடிச்சிட்டீங்களா? உங்களுக்கு சர்ப்ரைஸ் தரலாம்னு இருந்தேன். மாப்ள வூட்டுக்காரங்க வந்தா அழுக்காத் தெரியும்ல? காலைல சாக்குல சுத்தி அண்ணங்கிட்ட குடுத்தனுப்பினேன். செங்கம்மா கையால போட்டா பூ மாதிரி வெளுத்து வந்துரும். நாளைக்கு கொண்டாந்து அதே எடத்துல வெச்சிடலாம், நீங்க கவலயே படாதீங்க.”

ஜஹனாரா வாயைத் திறந்தாள். மூடினாள். நோன்பு. நோன்பு வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது, வாயில் தப்பான வார்த்தை வரக் கூடாது. இருபத்தைந்து நோன்பைக் காப்பாற்றி வைத்திருந்தாள். பல்லைக் கடித்தாள். அலமாரியிலிருந்து ஹைப்போ பாட்டிலை எடுத்தாள். குளோரினை முறிக்கிற அந்த உப்பு லேபில் எப்போதும் இருக்கும், அவள் வீட்டிலும் இருக்கும். பெயிண்ட் பக்கெட்டில் தொட்டித் தண்ணீரை மொண்டாள். மூடினாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

“அண்ணி, இன்னா ஆச்சு? அண்ணி! ஏதாவது சொல்லிட்டுப் போங்களேன்!” என்று பின்னால் ஓடிவந்த ஃபைஸாவிடம் விரலை உயர்த்தி வானத்தைக் காட்டினாள். சூரியன் இறங்கட்டும் என்று அதற்கு அர்த்தம்.

பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. ஐந்து மணிக்கு மாமல்லபுரத்தில் இறங்கினாள்.

கடைக்குள் அமீர் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சங்கை ஊதிக் காட்டிக்கொண்டிருந்தான். பொண்டாட்டியையும் பக்கெட்டையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் சங்கு பாதியில் நின்றது. அவள் அவனைப் பார்க்காமல் கடை வழியாகப் பின்பக்கம் போனாள்.

பீப்பாயில் முக்கால்வாசிக்குத் துண்டுகள் குவிந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக வைத்த மாதிரி அது இருந்தது. அடிப்பக்கம் தண்ணீரில் மூழ்கியிருந்தது. மேலே ஒரு பக்கம் மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது.

கையை உள்ளே விட்டுத் தூக்கினாள். கண் எரிந்தது. மூழ்கியிருந்த பக்கமெல்லாம் சதை கரைந்து, நூல் நூலாகத் தொங்கி, உள்ளேயிருந்த எலும்பு வெள்ளைவெளேரென்று சிரித்தது. வெளியே இருந்த பக்கத்தில், ஒரு கை அகலத்துக்குப் பழுப்பு இன்னும் இருந்தது.

செங்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். “நான் வேணான்னுதான் சொன்னேன் வாத்தியாரம்மா. தொட்டா பாலாட்டம் வுட்டுச்சு. ‘பாய், இது அழுவுது பாய், உயிர் கீது’ன்னேன். அவருதான் போடு போடுன்னாரு. எனுக்கு மனசே வர்ல. மத்தியானம் வரைக்கும் வாளிலயே கெடந்துச்சு. மூணு மணிக்கு மேலதான் மேலாக வெச்சேன். முழுசா முக்கல.”

ஜஹனாரா பக்கெட்டிலிருந்து கொஞ்சம் தண்ணீரை வாளியில் ஊற்றி, ஹைப்போவைக் கரைத்து, அதில் பவளத்தைத் தோய்த்தாள். மூக்கருகே பிடித்து மோந்து பார்த்தாள். மறுபடியும் தோய்த்தாள். பிளீச்சிங் நெடி போன பிறகுதான் பக்கெட்டுக்குள் வைத்தாள். அமீர் கடையின் பின்வாசலில் நின்று ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தான்.

“ஜஹனா... நோன்போட வெயில்ல வந்திருக்கே... ஆட்டோலயாவது வந்திருக்கலாம்ல...”

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மணி ஐந்தரை. நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அந்த அரை மணி நேரத்தை அமீர் சாகிற வரை மறக்கமாட்டான். பள்ளிவாசலிலிருந்து தூக்கில் நோன்புக் கஞ்சி வந்தது. பேரீச்சம்பழத்தைத் தட்டில் எடுத்து வைத்தான். வடையை எடுத்து வைத்தான். தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு நோன்பில் தடை இல்லை. ஐந்து ஐம்பதுக்கு அவன் செங்கம்மாளிடம், “நீ வூட்டுக்குக் கெளம்பலியா?” என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டான். “நான் எங்கயும் போவல பாய்” என்று செங்கம்மாள் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாங்கு ஒலித்தது. ஜஹனாரா பிஸ்மில்லா சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். கொட்டையைத் துப்பினாள். கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஃபைஸா சாக்குல சுத்திக் குடுத்தா. சரி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீ சாக்கத் தொறந்து பாத்தியா, இல்லியா?”

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவனுக்கு ‘நீ’ வந்ததில்லை.

“அது வந்து... அவசரத்துல...”

“பாத்தியா, இல்லியா?”

“பாத்தேன்.”

“செங்கம்மா உயிர் கீதுன்னு சொன்னாளா, இல்லியா?”

“சொன்னா. ஆனா ஃபைஸா கல்யாண விஷயம்... வர்றவங்க எதுனா சொல்லிட்டா... அப்பறம் லாரி வந்தா வேற ஒண்ணு எடுத்துக்கலாம்னு...”

அதற்கப்புறம் அந்தத் தெருவே கேட்டது. கல் செதுக்குகிறவர்கள் உளியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எதிர்க்கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார். “நாலு வருஷமா இதுக்கு வேர்வை தொடச்சிக்கினு ஃபேன் போட்டேன்! கரண்டு போனா சொம்ப வெச்சுக்கினு மணிக்கணக்குல தண்ணிய கலக்குனேன்! நாலு அரிசி, நாலே அரிசி வளந்துச்சு! அத ஒரு மத்தியானத்துல கரைச்சிட்டு, வேற எடுத்துக்கலாமா? எங்கேந்து எடுப்ப? எங்கேந்துய்யா எடுப்ப?” திட்டு கால் மணி நேரம் நீடித்தது. கஞ்சி ஆறிப்போனது. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவளே பஸ் ஏறினாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தொட்டியைப் பார்த்தார்கள். அதில் முக்கால்வாசி வெள்ளை, கால்வாசி பழுப்பு. மாப்பிள்ளையின் அம்மா, “அந்த அழுக்கையும் எடுத்துட்டா முழுசும் நல்லா வெள்ளையா இருக்குமே” என்றாள். ஃபைஸா, பஜ்ஜித் தட்டோடு திரும்பி, அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவளே முந்திக்கொண்டு, “அது அழுக்கு இல்லீங்க, அதுதான் உயிரு” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக ஜஹனாரா அவளை மன்னித்தாள். அமீரை மன்னிக்கவில்லை.

அவனுக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் ஃபைஸா மூலமாகச் சொன்னாள். “உங்க அண்ணங்கிட்ட சொல்லு, சோறு ஆறுது.” “உங்க அண்ணங்கிட்ட சொல்லு, டியூப்லைட் ஒண்ணு போச்சு.” அண்ணன் இரண்டடி தள்ளிதான் உட்கார்ந்திருப்பான்.

பவளம் பிழைக்குமா என்பது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. செத்த வெள்ளைப் பக்கத்தில் பச்சைப் பாசி படர்ந்து, உயிருள்ள ஓரத்தை நெருக்கியது. தினமும் காலையில் மெல்லிய டூத் பிரஷ்ஷால், உயிர் பக்கம் படாமல், பாசியைத் தேய்த்து எடுத்தாள். விளக்கு சுடக் கூடாது என்று இரண்டு டியூப்பை அணைத்து வைத்தாள். இறாலை மை மாதிரி அரைத்து, பவளம் தன் சின்னக் கைகளை நீட்டுகிற நேரம் பார்த்து, இங்க் ஃபில்லரால் மடிப்பு மடிப்பாக ஊட்டினாள். வாரத்துக்கு இரண்டு முறை பார்த்த டெஸ்ட்டைத் தினமும் பார்த்தாள். மெழுகுத்தாளைக் கண்ணாடியில் ஒட்டி, பழுப்பின் எல்லையைப் பென்சிலால் வரைந்தாள்.

ஜனவரியில் கோடு உள்ளே போனது. ஒரு விரல் அகலம் இன்னும் வெளுத்தது. அன்றைக்கு லேபில் ஒரு பையன் பியூரெட் உடைத்தான். உலகநாதன் சாரே பயந்துபோய், “பரவால்லம்மா, நான் என் கணக்குல எழுதிக்கறேன்” என்றார்.

பிப்ரவரியில் கோடு நின்றது.

மார்ச் நடுவில், பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெழுகுத்தாளை வைத்துப் பார்த்தவள் மறுபடியும் வைத்துப் பார்த்தாள். பென்சில் கோட்டுக்கு வெளியே ஒரு நூலளவு பழுப்பு வந்திருந்தது. ஃபைஸாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். ஃபைஸா கண்ணைச் சுருக்கி, “ஆமா அண்ணி, தாண்டிட்டு வந்திருக்கு” என்றாள். ஜஹனாரா தொட்டிக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் டி.வி.எஸ். ஐம்பது வந்து நின்றது. அமீர் ஒரு பக்கெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல், மாப்பிள்ளை மாதிரி மெதுவாக உள்ளே வந்தான். இரண்டரை மாதத்தில் முதல்முறையாக அவன் முகத்தில் தைரியம் இருந்தது. மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே, பூசணிக்காய் அளவுக்கு, பழுப்பாக, வழவழவென்று இன்னொரு பவளம் இருந்தது.

“லாரிக்காரன்கிட்ட சொல்லி வெச்சேன் ஜஹனா. கடலேந்து எடுத்ததுலேந்து தண்ணிலயே வெச்சு, பத்திரமா கொண்டாந்திருக்கான். நான் பீப்பாய் பக்கமே காட்டல. பாரேன், உன்னுதவிட எவ்ளோ பெருசு! இனிமே அதப் பாத்து அழ வேணாம். அது போனா போவட்டும். கோவத்த வுட்டுரு.”

ஃபைஸா மெதுவாக அடுப்பங்கரைக்குள் நழுவினாள். ஜஹனாரா எழுந்தாள். பக்கெட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“பெருசாம்! என்னுதவிடப் பெருசாம்! நாளைக்கு நான் மவுத்தானா, ‘ஜஹனா போனா போவட்டும், அடுத்த லாரில அவளவிடப் பெருசா ஒருத்தி வர்றா’ன்னு ரோட்டுல சாக்க விரிச்சுக்கினு நிப்பியா நீ? நான் அதப் பாத்து அழுவறேன்னா நெனச்சே? அது பொழச்சிக்கினு கீதுய்யா, நூலளவு நூலளவா, உன் பீப்பாயத் தாண்டி பொழச்சிக்கினு கீது! இதுவும் நல்லாத்தானே இருந்துச்சு? கடலுக்குள்ள அதுபாட்டுக்குக் குந்திக்கினு, கரண்டு பில்லு இல்லாம, யாரு புருஷனும் ஃபேன் கேக்காம, நூறு வருஷமா நல்லாத்தானே இருந்துச்சு? அதப் பேத்து எடுத்துக்கினு வந்து எனக்கு சமாதானம்னு நீட்டறியே, உனக்கு வெக்கமா இல்ல? குடு இப்படி. உனக்காக வாங்கல, உன் மூஞ்சிக்காக வாங்கல, அது இன்னும் உயிரோட கீது, அதுக்காக வாங்கறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. இன்னிக்கே அந்த லாரிக்காரனுக்குப் போன் போட்டு, இனிமே ஈரச் சாக்கு ஒண்ணு என் கடை வாசல்ல எறங்கக் கூடாதுன்னு சொல்லு. சங்கு வில்லு, சோழி வில்லு, மாலை கோத்து வில்லு, நானே லீவு நாள்ல வந்து கோத்துத் தர்றேன். இல்ல, நான் வெள்ளையாத்தான் விப்பேன்னு நின்னே, அந்த நீலப் பீப்பாய இங்க உருட்டிக்கினு வந்து நடு வூட்டுல நிறுத்துவேன். உன் லுங்கி, உன் பெருநாள் சட்டை, நீ தலைல பூசிக்கினு கீற கறுப்புச் சாயம், எல்லாத்தையும் அதுல ஊறப்போடுவேன். வெள்ளையா இருந்தாத்தானே உனக்கு அழகு? அப்பறம் நீயே ஏறிக் குந்து, செங்கம்மாவ வுட்டு நான் தேய்க்கச் சொல்றேன்!”